ஹெரால்டுக்குச் செருப்பு வாங்கிய கதை!

'காலாகாலத்துல ஒரு கால்கட்டு போட்டுக்கோடா' என்று வீட்டில் நச்சரித்ததற்கு, என் மதுரை நண்பன் போய் ஒரு பழைய கார் வாங்கிக்கொண்டு வந்தான். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டு கதவு. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். அவன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வரதட்சணை எவ்வளவு குடுத்தே?" என்று கேட்டார்கள்.

இந்தக் காலத்துத் தம்பிகளுக்கு ஒரு அறிமுகம். ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற ஆங்கிலேய வண்டியை 1961-லிருந்து சென்னையிலேயே தயாரித்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. டிசைன் இத்தாலிக்காரர் மிச்சலோட்டி. 948 சி.சி. எஞ்சின். சோழவரம் ரேஸ்களில்கூட ஓடியிருக்கிறது. 1962-ல் இங்கிலாந்தில் இதே ஹெரால்ட் சேஸிஸைக் குறுக்கித்தான் 'ஸ்பிட்ஃபயர்' என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்தப் பங்காளி உறவை வைத்துக்கொண்டு நண்பன், "என்னோடது ஸ்போர்ட்ஸ் கார்" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அலாய் வீல் வேண்டாமா?

வேண்டுமாம். ஒரு கடைக்குப் போனோம் (பேரைச் சொல்ல மாட்டேன், என்னைத் தேடாதீர்கள்). கடைக்காரர் ஹெரால்டை ஒரு சுற்று சுற்றினார். "பதிமூணு இஞ்ச்தானே சார்? பிரமாதமாப் போட்டுடலாம்" என்றார். பளபளக்கும் அலாய் நாலு, 185/60 R13 டயர் நாலு. சாயங்காலம் வண்டி வெளியே வந்தபோது, வேட்டி கட்டிய தாத்தா நைக்கி ஷூ போட்ட மாதிரி இருந்தது. நண்பன் முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை. மறுநாள் விடிகாலை, கொடைக்கானல்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுகிற வரைக்கும் ராஜ நடை. முதல் பெரிய கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தான். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். "கியர்டா" என்றான். அடுத்த வளைவிலும் அதே சத்தம், கூடவே ரப்பர் கருகும் வாசனை. மூன்றாவது வளைவில் காரின் முன்பக்கம் லேசாகத் தலையாட்ட ஆரம்பித்தது. எனக்கு வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. வலதுபுறம் பள்ளத்தாக்கு, ரொம்ப அழகாக இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

இறங்கிப் பார்த்தோம். முன் டயரின் உள்பக்கச் சுவரில் பிளேடால் கீறினாற்போல் நீளமாக ஒரு பள்ளம். வீல் நட் இரண்டு, ஸ்பேனரே இல்லாமல் கைவிரலால் சுற்ற வந்தன. வீட்டில் அம்மா வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

நட்டை இறுக்கிக்கொண்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில், வளைவுக்கு வளைவு நிறுத்திச் சரிபார்த்தபடி கீழே இறங்கி, வத்தலக்குண்டில் ஒரு வயசான மெக்கானிக் பாயிடம் போய் நின்றோம். ஹெரால்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வீலைப் பார்த்ததும் வாடியது.

"தம்பி, செருப்பு வாங்கறப்போ நீளம் மட்டும் பார்த்தாப் போதுமா? அகலம், வார் எல்லாம் பார்க்க வேணாமா?"

ஒரு வீலைக் கழற்றிக் காட்டினார். ஹெரால்டில் வீலுக்கு நாலு நட். நாலும் உட்காரும் வட்டத்தின் விட்டம் 95.25 மில்லிமீட்டர், அதாவது மூணேமுக்கால் அங்குலம். இன்றைக்குக் கடைகளில் தொங்கும் நாலு ஓட்டை அலாய்களில் நிறைய 100 மி.மீ. 'ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லையே' என்று கடைக்காரர் ஓட்டைகளை அரம் போட்டு நீளமாக்கிவிட்டார்! நட்டின் கூம்பு முனை உட்கார வட்டமான குழியே இல்லை. வளைவுக்கு வளைவு வீல் நகர்ந்திருக்கிறது, நட் தளர்ந்திருக்கிறது. நாலும் கழன்றிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள், வேறு பகுதியில்.

அடுத்தது ஆஃப்செட். வீல் ஹப்போடு முட்டும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்கிற கணக்கு. இந்தக் காலத்து முன்சக்கர டிரைவ் கார்களுக்கான அலாயில் அது ஜாஸ்தி. மாட்டினால் சக்கரம் வண்டிக்குள் பதுங்கிவிடும். அதோடு ஹெரால்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், லண்டன் டாக்ஸிக்குப் போட்டியாக! முன்சக்கரங்கள் அந்த அளவுக்கு ஒடியும். மதுரை ரோட்டில் அவ்வளவு ஒடிக்க வேலையே இல்லை. கொடைக்கானல் ரோட்டில் வளைவுக்கு வளைவு ஒடிக்க வேண்டும். உள்ளே பதுங்கிய அகல டயர் சேஸிஸில் போய் உரசியது அதனால்தான்.

மூன்றாவது விஷயம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் 'ஸ்விங் ஆக்ஸில்' வகை. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு அசையாமல் நிற்கும். இரண்டு பக்கச் சக்கரமும் கீலில் ஆடும் கதவு மாதிரி தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், வண்டியின் பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். டயர் ரோட்டை எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறதோ, அவ்வளவு எழும்பும். அகல டயர் போட்டால் பாதுகாப்பு கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இந்த வண்டிக்கு மட்டும் அது தலைகீழாகப் போகலாம்.

பின்னால் வந்த ஸ்டாண்டர்ட் கெசலில் இதை மாற்றி, சாதாரண ஆக்ஸிலே வைத்தார்கள். அமெரிக்காவில் 1965-ல் ரால்ஃப் நாடர் எழுதி ஊரையே உலுக்கிய புத்தகத்தின் முதல் அத்தியாயம், இதே ஸ்விங் ஆக்ஸில் கொண்ட ஷெவர்லே கார்வேர் காரைப் பற்றியது. அந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன காற்று முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26. நம்மூர் பங்க்கில் "நாலுலயும் முப்பது வெச்சுடு" என்று சொல்கிற பழக்கத்தை நினைத்துக்கொண்டேன். ஹெரால்டுக்கும் முன்னால் கம்மி, பின்னால் ஜாஸ்திதான்.

"சரி பாய், என்னதான் போடறது?" என்றான் நண்பன், அழாத குறையாக.

பழைய டயரில் 5.20-13 என்று இருக்கும். அகலம் 5.20 அங்குலம், ரிம் விட்டம் 13. டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 580 மி.மீ. நண்பன் போட்ட 185/60 R13-க்குக் கணக்குப் பாருங்கள். 185-ல் 60 சதவிகிதம் 111. மேலும் கீழும் சேர்த்து 222. அதோடு 13 அங்குலம் என்கிற 330. ஆக 552. (பி.காம். படித்ததற்கு இதாவது உருப்படி.) ஐந்து சதவிகிதம் குள்ளம். ஸ்பீடாமீட்டர் 60 காட்டினால் நிஜத்தில் 57. வண்டியின் வயிறு 14 மி.மீ. தரைக்குக் கிட்டே வந்துவிடும்.

145/80 R13 போட்டால் 562. மூன்று சதவிகிதம்தான் வித்தியாசம். ஹெரால்டின் மூன்றரை அங்குல இரும்பு ரிம்மில் அழகாக உட்காரும். நாலும் போதாது, ஸ்டெப்னிக்கும் ரேடியல்தான் வேண்டும். முன்னால் ரேடியல், பின்னால் பழைய கிராஸ் பிளை என்று கலந்தால் பின்பக்கம் வழுக்கும். இந்த சைஸ் எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? பழைய வேகன்-ஆர் ஓடியதே இந்த டயரில்தான்! டயர் சுவரில் உள்ள நாலு இலக்கத்தையும் பார்த்து வாங்கச் சொன்னார் பாய். 2224 என்றால் 2024-ம் வருஷம் 22-வது வாரம் பிறந்தது. மாசத்துக்கு ஒருநாள் ஓடுகிற வண்டிக்கு டயர் தேய்ந்து சாகாது, கிழடு தட்டித்தான் சாகும்.

மூன்று வாரம் கழித்து, பழைய ரிம்முக்கு சில்வர் பெயின்ட் அடித்து, புது டயரோடு மறுபடி கிளம்பினோம். ஊத்தில் டீக்கடையில் ஒரு பட்டிமன்றம். மலை ஏறினால் டயரில் காற்று கூடுமா, குறையுமா? வெளியே காற்றழுத்தம் குறைவதால் மேலே போகப் போக கேஜ் மூன்று பவுண்டு கூடத்தான் காட்டும். ஆனால் மதுரையின் 35 டிகிரியை விட்டு கொடைக்கானலின் 10 டிகிரிக்குப் போனால் குளிரில் கிட்டத்தட்ட அதே மூன்று பவுண்டு இறங்கிவிடும். வரவும் செலவும் சரி. கணக்குப் போட்டுக் காட்டினேன். டீக்கடைக்காரர் டீக்குத்தான் காசு வாங்கினார், கணக்குக்கு ஒன்றும் தரவில்லை.

பெருமாள்மலை தாண்டி, வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் நண்பன் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தான். காதைத் தீட்டிக்கொண்டேன். அருவிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்த அலாய் நாலும்? மொட்டைமாடியில் இருக்கின்றன. இரண்டின் மேல் துளசித் தொட்டி, மூன்றாவதில் வடாம் தட்டு. நாலாவதை யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் அம்மா, 'கார் வைத்திருக்காத ஆளாக இருந்தால்.'