உங்களுக்குத் தெரியுமா? நெருப்பை ஊதாத விசிறி

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய செங்கல் கணப்படுப்புக்குள் இரும்புப் பெட்டியடுப்பு ஒன்றைச் செருகி விறகு எரிக்கிறார்கள். திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே பறந்துவிடும்; பெட்டி அதைப் பிடித்து வைக்கும். ஆனால் மூன்று பக்கமும் செங்கல் சுவர், பிடித்த சூடு அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். அதற்குத்தான் விசிறி. கொல்லுப்பட்டறைத் துருத்திபோல இது நெருப்பை ஊதுவதில்லை. அறைக்காற்றைப் பெட்டிக்கும் அதன் வெளிக்கூட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் செலுத்தி, சூடாக்கி, அறைக்கே திருப்புகிறது. புகையோடு அந்தக் காற்று கலக்காது. (பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களில் வடிவமைத்த அடுப்பிலும் காற்று சூடாகும் அறை உண்டு. விசிறிதான் இல்லை!)

கடையில் விலை அதிகம் என்று, பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய விசிறியைத் தாங்களே பொருத்துபவர்களும் உண்டு. சூட்சுமம் மோட்டாரை வைக்கும் இடத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று நுழையும் பக்கம் வைத்தால் உழைக்கும். வெந்த காற்றை உறிஞ்ச வைத்தால் சீக்கிரமே கருகும். சூடேறியதும் தானே இணைந்து, ஆறியதும் துண்டிக்கும் வெப்பச் சுவிட்சையும் சேர்த்துவிட்டால் நள்ளிரவில் யாரும் எழ வேண்டியதில்லை. பிளாஸ்டிக் இறக்கை மட்டும் ஆகவே ஆகாது.