கெண்டைக்கு வண்ணம் வந்த கதை

வண்ண மீன் கடையின் தொட்டியில், வெள்ளை உடலில் செந்நிறத் திட்டுகளோடு நீந்தும் மீனைக் கண்டிருப்பீர்கள். உடனே "தங்க மீன்!" என்று கூறிவிடாதீர்கள். அதன் வாயோரத்தை உற்றுப் பாருங்கள். இரண்டு ஜோடி மீசைகள் தெரிகின்றனவா? அப்படியானால் அது 'கோய்'. தங்க மீனுக்கு மீசை கிடையாது.

கோய் என்பது தனியொரு அதிசயப் பிறவி அன்று. குளங்களில் உணவுக்காக வளர்க்கப்படும் சாம்பல் நிறச் சாதாக் கெண்டையின் இனத்தைச் சேர்ந்ததுதான். சாம்பல் நிற மீனுக்குச் சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் எப்படி வந்தன?

பனிமலை விவசாயிகள்

ஜப்பானின் நிகாடா மாகாணத்தில் யாமகோஷி என்ற மலைப்பகுதி இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே ஆள் உயரத்தையும் தாண்டிப் பனி குவியும். மலைச்சரிவில் படிப்படியாக வயல் அமைத்து நெல் பயிரிடும் விவசாயிகள், வயலுக்கு நீர் பாய்ச்சக் குளங்களை வெட்டி, அவற்றில் கெண்டைகளையும் வளர்த்தனர். பாதை அடைபடும் பனிக்காலத்தில் அவையே புரத உணவு.

1800-களின் தொடக்கத்தில், சாம்பல் நிறக் குஞ்சுகளுக்கிடையே எப்போதாவது சிவப்புக் குஞ்சு ஒன்று தலைகாட்டிற்று. இது மரபணுவில் தானாக நேரும் திடீர் மாற்றத்தின் விளைவு. ஆற்றில் பிறந்திருந்தால் அந்தச் சிவப்பே அதற்கு எமனாகியிருக்கும். கொக்கின் கண்ணுக்கு முதலில் படுவது அதுதானே! ஆனால் இங்கே விவசாயி அதைத் தனியே எடுத்து வளர்த்தார். நிறமுள்ள வேறொரு மீனோடு இணை சேர்த்தார். இதற்குச் 'செயற்கைத் தேர்வு' என்று பெயர். 1859-ல் டார்வின் தம் நூலில் புறாக்களை எடுத்துக்காட்டி இம்முறையை விளக்கும் முன்பே, இந்த விவசாயிகள் அதைக் கையாண்டு வந்தனர்.

1904-ல் ஜெர்மனியிலிருந்து செதில் குறைந்த கண்ணாடிக் கெண்டை ஜப்பானுக்கு வந்து, புதிய கோய் வகைகளுக்கு வழி வகுத்தது. (அதே கண்ணாடிக் கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து நம் உதகமண்டலம் ஏரிக்கு வந்து சேர்ந்தது.) 1914-ல் டோக்கியோ பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பிறகு மலைக் கிராமத்து மீன் நாடெங்கும் புகழ் பெற்றது.

நிறம் எங்கிருந்து?

மீனின் தோலில் பலவகை நிறச் செல்கள் உள்ளன. கறுப்பைத் தருவது மெலனின்; நம் தலைமயிரில் இருப்பதும் அதுதான். பளபளப்பைத் தருபவை குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள். சிவப்பும் மஞ்சளும் கரோட்டினாய்டு என்னும் நிறமிகள். காரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் கொடுப்பது இதே குடும்பம். கரோட்டினாய்டை மீனால் தானே தயாரிக்க முடியாது. பாசி போன்ற உணவிலிருந்துதான் பெற வேண்டும். ஆகவே சரியான தீனி இல்லாவிடில் கோயின் சிவப்பு வெளுத்துப் போகும்.

லட்சத்தில் சில

அழகான இரண்டு மீன்களை இணை சேர்த்தால் குஞ்சுகளும் அப்படியே இருக்குமா? இருக்காது. நிறச் செல்கள் கருவில் ஓரிடத்தில் தோன்றி, உடலெங்கும் நகர்ந்து சென்று பரவுகின்றன. ஆகையால் நிறத்தைப் பெற்றோர் தரலாம். திட்டு எங்கே விழும் என்பதை உறுதி செய்ய முடியாது. ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். வளர்ப்பவர் குஞ்சுகளைப் பலமுறை பிரித்துத் தேர்ந்தெடுத்து, மிகச் சிலவற்றையே வைத்துக்கொள்வார். தேர்வை நிறுத்தி, மீன்களைத் தம் விருப்பப்படி பெருகவிட்டால் சில தலைமுறைகளில் சாம்பல் நிறமே மீண்டும் மேலோங்கும். சிவப்பு வெள்ளைக் கோய் ஒன்று 2018-ல் 20 கோடி யென்னுக்கும் அதிக விலைக்குப் போனதன் பின்னணி இந்த உழைப்பே.

நிலம் நடுங்கிய மாலை

2004 அக்டோபர் 23 அன்று மாலை, 6.8 அளவுள்ள நிலநடுக்கம் அந்த மலைப்பகுதியைக் குலுக்கிற்று. சரிவுகள் பெயர்ந்து பாதைகள் அறுந்தன. குளங்கள் வெடித்து நீர் வடிந்தது. மின்சாரம் நின்றதால் தொட்டிகளுக்குக் காற்று செலுத்தும் கருவிகளும் நின்றன. எண்ணற்ற மீன்கள் மடிந்தன. யாமகோஷி மக்கள் அனைவரும் ஹெலிகாப்டரில் வெளியேற்றப்பட்டனர்.

பின்னர் அதே ஹெலிகாப்டர் வழியில் எஞ்சிய கோய்களும் கீழே கொண்டுவரப்பட்டன. மீனுக்கு ஹெலிகாப்டரா என்று வியக்காதீர்கள். குஞ்சுகள் போனால் அடுத்த ஆண்டு வேறு குஞ்சுகள் கிடைக்கும். தாய், தந்தை மீன்கள் போனாலோ, பல தலைமுறை மனிதர்கள் தேர்ந்து தேர்ந்து சேர்த்த மரபணுச் செல்வம் போய்விடும். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உயிர் பிழைத்த மீன்களைக் கொண்டே கிராமத்தார் தம் தொழிலை மீண்டும் எழுப்பினர்.

நீங்கள் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கோய் இருந்தால், அதன் முதுகுத் திட்டுகளை இன்றே வரைந்து தேதியிடுங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் வரைந்து ஒப்பிடுங்கள். மீன் வளர வளரத் திட்டுகள் மாறுவதைக் காண்பீர்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வளர்க்க முடியவில்லை என்று மீனை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடக் கூடாது. கெண்டை இனம் அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும். நீர் கலங்கி, நீர்த்தாவரங்கள் வேரோடு பெயரும். அங்கு வாழும் மற்ற உயிர்களுக்குக் கேடு விளையும். வளர்க்க விரும்பும் வேறொருவரிடம் மீனை ஒப்படைப்பதே முறை.