முதலில் கண்டவர் யார்?

பகைவன் எங்கே இருக்கிறான்? போர் என்றதும் எழும் முதற்கேள்வி இதுதான். துப்பாக்கி பிறகு, தோட்டா பிறகு. இடம் அறியாமல் சுடும் பீரங்கி மலையைத்தான் பிளக்கும், மாற்றானைத் தொடாது!

1999-இல் கார்கில் மலைமுகடுகளில் நடந்ததைத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். கடுங்குளிர் காலத்தில் உயரமான காவல் நிலைகளைக் காலி செய்துவிட்டு இறங்குவது இரு தரப்புக்கும் வழக்கம். அந்த இடைவெளியில் ஊடுருவல் நடந்தது. நம் ஹெலிகாப்டர்கள் பறந்து பார்த்தன. பனியில் பதுங்கியவன் அவற்றின் கண்ணில் படவில்லை.

பட்டது யார் கண்ணில்? காணாமற்போன தம் யாக் எருமையைத் தேடி, மே 3-ஆம் நாள் படாலிக் பகுதியில் மலையேறிய தாஷி நம்கியால் என்ற மேய்ப்பரின் கண்ணில்! அந்நியர் சிலர் பதுங்குகுழி வெட்டுவதைக் கண்டார். படையினரிடம் சென்று சொன்னார்.

ஒருவர் சொன்னால் போதுமா? போதாது. எத்தனை பேர், எந்த முகடு, என்ன ஆயுதம் என்று நேரில் அறிந்துவர வேவுக் குழு செல்ல வேண்டும். மூன்று ஒற்றர் சொல் ஒத்தாலன்றித் தெளியாதே என்று ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்ததும் இந்த முறையைத்தான். ஆனால் அந்தப் பணிக்கு விலை உயிர்! மே 15-இல் காக்சர் பகுதியில் வேவு பார்க்கச் சென்ற கேப்டன் சௌரப் காலியாவும் ஐந்து வீரர்களும் சிறைப்பட்டனர். ஜூன் 9-இல் அவர்களின் உடல்களே திரும்பின.

அன்று நம் படைக்கு ஆளில்லா விமானங்கள் போதவில்லை. எதிரிப் பீரங்கியைக் கண்டுபிடிக்கும் ரேடாரும் இல்லை. போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு, வேவுத் துறையின் குறைகளை எடுத்துரைத்தது. 2001-இல் கூர்ந்து நோக்கும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. பறந்துவரும் குண்டின் பாதையைக் கணக்கிட்டு, அது புறப்பட்ட பீரங்கியின் இடத்தைச் சொல்லும் ‘ஸ்வாதி’ ரேடார் பின்னர் நம் நாட்டிலேயே உருவானது.

கருவிகள் வந்தன, மகிழ்கிறோம். ஆனால், கருவி காணாததைக் கண்டவர் ஒரு பாட்டாளி என்பதை மறக்கலாமா? 2024 டிசம்பரில் நம்கியால் மறைந்தார். அவர் பட்டம் பெற்றவரல்லர், பதவி வகித்தவரல்லர். தம் மலையை அறிந்தவர். அங்கே புதிதாகப் புரண்டு கிடந்த கல் எது என்று அவருக்குத் தெரியும்!

மண்ணை அறிந்தவன் கண் திறந்தே இருக்கிறது. மேலே இருப்போர் செவியும் திறந்திருக்கட்டும். காவல் என்பது அதுவே!