மருத்துவக் கனவிலிருந்து மருந்தகத்திற்கு

"மாத்திரை எண்ணிக் கொடுக்க மூன்று வருடப் படிப்பா?"

மருந்தகத் துறை டிப்ளோமாவில் சேர்ந்த நாளிலிருந்து, கல்யாண வீடு, கோயில் திருவிழா என எங்கே போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். இப்போது இறுதியாண்டில் இருக்கிறேன். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் மாணவர்களுக்காக என் பதிலை எழுதுகிறேன்.

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் சிறு வயதிலிருந்தே என்னை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால், எஸ்.டி.பி.எம். முடிவு வந்தபோது அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் அளவுக்குப் புள்ளிகள் வரவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்றார் அப்பா. அவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். அம்மாவின் நகை, வீட்டின் மேல் கடன் என்று அவர் போட்ட கணக்கில், படிவம் மூன்றில் இருந்த தம்பிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். மூன்று நாள் அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை.

என்னை இந்தத் துறைக்குத் திருப்பியது பாட்டியின் மருந்துப் பை. அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டினால் டாக்டரையும் பார்க்கலாம், மருந்தும் கிடைக்கும். ஒருநாள் மருந்துக் கவுண்டரில் இருந்தவர், பையைத் திறக்கச் சொல்லி, "பாட்டி, இதை எப்போது சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரவு மாத்திரையைப் பாட்டி காலையில் சாப்பிட்டு வந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த வேலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

என்ன படிக்கிறோம்?

உடற்கூறு, மருந்தியல், மருந்து தயாரிப்பு, சேமிப்பு, சட்டம் ஆகியவற்றோடு கணக்கும் உண்டு. வகுப்பில் செய்த ஒரு கணக்கு இது: குழந்தையின் எடை 12 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் பாராசிட்டமோல். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும். 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.6 மில்லிலிட்டர் போதும். பாட்டிலைக் கவனிக்காமல் 7.5 ஊற்றினால் இரு மடங்குக்கு மேல் மருந்து போய்விடும். இதில் சேரக் கணிதத்தை ஏன் கேட்கிறார்கள் என்பது அன்று புரிந்தது.

மருத்துவமனைப் பயிற்சியில் கற்றது பெயர்களின் ஆபத்து. மெட்போர்மின் நீரிழிவுக்கானது. மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கானது. ஒலியில் நெருங்கிய இப்படிப்பட்ட மருந்துகளை அலமாரியில் தள்ளித் தள்ளி வைக்கிறோம். ஒருவர் எடுத்து நிரப்புவதை இன்னொருவர் சரிபார்க்கிறார். கொடுக்கும்போது பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மீண்டும் கேட்கிறோம்.

பிரிக்பீல்ட்சில் ஒரு மருந்துக் கடையிலும் பயிற்சி பெற்றேன். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து இறங்கி நடப்பேன். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. லேபிளை எவ்வளவு தெளிவாக அச்சடித்தாலும் பார்வையற்ற ஒருவருக்கு அது பயன்படாது. காலை மருந்துப் பாட்டிலுக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மருந்துக்கு இரண்டு என்று போட்டுக் கொடுக்க எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு வாடிக்கையாளர்தான்.

மலாய் லேபிளைப் படிக்க முடியாத நம் பெரியவர்களும் வருவார்கள். 'செபெலும் மாக்கான்' என்று எழுதியிருப்பதைச் "சாப்பாட்டுக்கு முன்னால், ஐயா" என்று தமிழில் சொன்னதும் அவர்கள் முகம் தெளியும். தமிழ் தெரிந்திருப்பது இந்த வேலையில் ஒரு கூடுதல் தகுதி.

சேருமுன் கவனிக்க

ஒன்று, டிப்ளோமா முடித்தவர் மருந்தாளர் ஆகிவிட மாட்டார். மருந்தாளர் என்பவர் பட்டம் பெற்று, பயிற்சி முடித்து, பதிவு செய்துகொண்டவர். 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டத்தில் அடங்கும் மருந்துகளை மருந்துக் கடையில் நாம் தனியாகக் கொடுக்க முடியாது. மருந்தாளரின் நேரடிக் கண்காணிப்பில்தான் வேலை செய்வோம். இந்த எல்லை தெரிந்து சேருங்கள்.

இரண்டு, கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் பி.டி.பி.டி.என். கடன் கிடைக்கும். சில மாதக் குறுகிய காலச் சான்றிதழும் டிப்ளோமாவும் ஒன்றல்ல.

மூன்று, அரசாங்கத்தில் மருந்தக உதவி அதிகாரியாக, அதாவது 'பெனோலோங் பெகாவாய் பார்மாசி'யாகச் சேர விரும்பினால் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் கட்டாயம். கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடாதீர்கள்.

நான்கு, நாள் முழுக்க நின்று வேலை செய்ய வேண்டும். நூறாவது நோயாளிக்கும் முதல் நோயாளிக்குக் கொடுத்த அதே கவனம் வேண்டும். அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்று யோசியுங்கள்.

நல்ல புள்ளிகளோடு முடித்தால் மருந்தியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. நான் முதலில் சில வருடம் வேலை செய்யப் போகிறேன். தம்பி இவ்வாண்டு எஸ்.பி.எம். எழுதுகிறான். அவன் எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாலும், அம்மாவின் நகை அலமாரியிலேயே இருக்கிறது.