ரேகை விழாத விரலுக்கு எத்தனை மார்க்?

ரேஷன் கடை மிஷின் பாஸா, பெயிலா?

பண்ணைப்புரம்:
"ஆத்தா, விரலை முந்தானையில தொடச்சிட்டு நல்லா அமுக்கி வையி!"

"வச்சுட்டேன்யா..."

"விழல. அடுத்த விரல வையி!"

ஏலத் தோட்டத்துக்கு மலையேறிப் போய்ப் போய் விரல் தேய்ந்த பாட்டி ரேஷன் கடைக்கு வந்தால் இப்படித்தான். இசைஞானி பிறந்த பண்ணைப்புரம் ஆனாலும் சரி, பக்கத்துக் கோம்பை, தேவாரம் ஆனாலும் சரி, கதை ஒன்றுதான்!

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் கார்டு வந்தது 2017 ஏப்ரலில். விரல் ரேகை வந்தது 2020 அக்டோபரில். போலி கார்டை ஒழிக்க வேண்டும், பில் மட்டும் போட்டு அரிசியை அமுக்குவதைத் தடுக்க வேண்டும் என்பது நோக்கம். நியாயம்தான். கம்பம் மெட்டு, குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போகும் அரிசி மூட்டைகள் பிடிபடுவது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதுச் செய்தியா என்ன?

சரி, மிஷின் ஜெயித்ததா? அதை எதை வைத்துச் சொல்வது?

அமெரிக்கக் கணக்கு

டிலோன், மெக்லீன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1992-ல் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். சுமார் 180 ஆய்வுகளைப் புரட்டினார்கள். மிஷின் ஒழுங்காக ஓடுகிறதா? சொல்லும் தகவல் சரியா? ஜனங்கள் உபயோகிக்கிறார்களா? திருப்தியா? கடைசியில் என்ன பலன்? இத்தனைக்கும் மார்க் போட வேண்டும் என்றார்கள். 'ரிப்பேர் ஆனால் கவனிக்க ஆள் உண்டா' என்பதை 2003-ல்தான் சேர்த்தார்கள். நம்மூர் கடைக்காரரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்!

காணாமல் போகும் பாட்டி

ஆபீஸில் எண்ணுவது பில்களைத்தான். ரேகை விழாமல் திரும்பிய பாட்டிக்குப் பில் கிடையாது. அவர் வாங்காத அரிசி கணக்கில் 'மிச்சம்'!

ஜார்க்கண்டில் 2016-17-ல் 10 மாவட்டங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். ரேகை மிஷின் வைத்ததால் மட்டும் திருட்டு குறையவில்லை. ஆதார் இணைக்காதவர்களுக்குக் கிடைத்தது 10 சதவீதம் குறைந்தது. அவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு 2017-ல் மிஷின் கணக்கைப் பார்த்து கடைக்கு அனுப்பும் அரிசியைக் குறைத்தார்கள். திருட்டு குறைந்தது, ஏழைக்குப் போனதும் சேர்ந்தே குறைந்தது.

தெலங்கானாவில் வேறு வழி. 2018-ல் விவசாயிகளுக்கு உதவித்தொகை கொடுத்தபோது, "பணம் வந்துச்சா?" என்று அவர்களுக்கே போன் போட்டுக் கேட்டார்கள். கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே அதிகாரிகள் சுறுசுறுப்பானார்கள்!

இங்கே மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. செல்போனுக்கு வரும் ரகசிய எண் உண்டு, கருவிழியைக் காட்டலாம், வேறொருவரை அனுப்ப எழுதிக் கொடுக்கலாம். வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருள் வரும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

ஆனால் கார்டில் பதிந்த செல்போன் பல வீடுகளில் திருப்பூரில் இருக்கும் மகன் கையில். 'பொருள் வாங்கியாச்சு' என்ற மெசேஜ் அங்கே போகும். வந்தது எத்தனை கிலோ என்று பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.