பாஸ்பரஸும் பாசியும்

சாத்தூருக்கு அருகிலுள்ள ஏழாயிரம்பண்ணை, தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். தீப்பெட்டியின் பக்கங்களில் பூசும் மருந்தில் சிவப்புப் பாஸ்பரஸ் சேர்ந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். அங்கே நெருப்பை எழுப்பும் அதே மூலகம், பிராணவாயுவுடன் கூடிப் பாஸ்பேட் உப்பாக நீரில் கரையுமானால் பாசியை எழுப்புகிறது!

பவளத்தைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போருக்கு இதுவே பெருந்தொல்லை. மீன்கள் தின்னாது விட்ட இரையும் அவற்றின் கழிவும் அழுகப் பாஸ்பேட் பெருகுகிறது. பாசி தழைத்துப் பவளப் பூச்சிகளை மூடுகிறது. பவளத்தின் சுண்ணாம்புக் கூடும் சரிவர வளர்வதில்லை. பாசியைச் சுரண்டி எறிந்தால் மட்டும் போதாது. இரையைக் குறைத்தல், நீரை மாற்றுதல், இரும்பு ஆக்ஸைடு மணிகளின் ஊடே நீரைச் செலுத்துதல் ஆகியவையே பரிகாரம். அதையும் படிப்படியாகச் செய்தல் வேண்டும். பாஸ்பேட் அறவே அற்றுப்போனால் பவளமும் நலியும்.

தொட்டி கெட்டால் கழுவிக் கொள்ளலாம். கடலைக் கழுவ யாரால் முடியும்? வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியே ஓடும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில் சென்று கலக்கிறது. அங்கே 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. சாக்கடை நீரும் மிகையாக இட்ட உரமும் ஆற்றில் சேராமல் தடுப்பது, அந்தச் செல்வத்துக்கு நாம் செய்யும் தேசத் தொண்டேயாகும்.