இரவு இரண்டு மணிக்கு மீட்டர் என்ன சொல்கிறது?

மீன்பிடிக்கப் போகும் படகில் ஐஸ் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைவிட, பெட்டியின் மூடி சரியாக உட்காருகிறதா என்பதே பிடித்த மீனைக் காப்பாற்றும். வெப்பம் நுழையும் இடுக்கை அடைக்காமல் ஐஸை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண் செலவு என்று மன்னார் வளைகுடாவை ஒட்டிய வேம்பார்க் கரையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்வி வளாகங்களுக்குத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மின்சிக்கனம் என்றதும் அங்கே பேச்சு மொட்டைமாடி சோலாரில் தொடங்கி எல்.இ.டி. விளக்கோடு முடிந்துவிடுகிறது. இரண்டும் நல்லவைதான். ஆனால், ஆள் இல்லாத நேரத்தில் வளாகம் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்ற கேள்வி அவற்றுக்கு முன்னால் வர வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு கேட்பது ஆண்டுக்குக் குறைந்தது 180 வகுப்பு நாட்கள். நாளுக்கு ஏழு மணி நேரம் வைத்தால் 1,260 மணி. ஓர் ஆண்டில் இருப்பதோ 8,760 மணி. வகுப்பறை பயன்படுவது அதில் ஏழில் ஒரு பங்கு நேரம்தான். வகுப்பறையில் சுற்றும் பழைய 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு, 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனை மாட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 57 யூனிட் மிச்சமாகும். அதே ஃபேனை விடுதி அறையில் மாட்டினால், நாளுக்கு 15 மணி வீதம் 270 நாளில் 182 யூனிட். பொருள் ஒன்றுதான், மாட்டிய இடத்தால் பலன் மூன்று மடங்காகிறது. பழைய மோட்டாரில், சுழலும் பாகத்தைக் காந்தமாக்குவதற்கே மின்சாரத்தில் ஒரு பங்கு போய் வெப்பமாகிறது. புதியதில் அந்த வேலையை நிரந்தரக் காந்தம் செலவில்லாமல் செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய 48 வோல்ட் நேர்மின்னோட்ட (டி.சி.) அமைப்பில் ஒரு சிறிய சோலார் பலகை வீட்டுக்குப் போதுமானதாக இருந்ததற்கும் இதுவே காரணம். முதலில் ஃபேனையும் விளக்கையும் மெலிய வைத்தார்கள். அதற்கேற்பப் பலகையும் சிறுத்தது.

வேம்பாருக்குத் தெற்கே, தூத்துக்குடியில் 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீனையும் கடலுயிரையும் ஆராயும் இத்தகைய எந்த வளாகத்திலும் சில கருவிகளை அணைக்கவே முடியாது. தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர், நீரேற்றும் மோட்டார், மாதிரிகளை உறைய வைக்கும் ஃப்ரீசர் ஆகியவற்றுக்குத் தீபாவளி விடுமுறையும் கிடையாது. மைனஸ் 80 டிகிரியில் ஓடும் பழைய ஆய்வக ஃப்ரீசர் ஒன்று நாளுக்கு 20 யூனிட் வரை எடுக்கும், ஆண்டுக்கு 7,300. அதை மைனஸ் 70-க்கு மாற்றினால் சுமார் 30 சதவீதம் குறையும் என்று அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் போன்றவை அளந்து காட்டியிருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தியதில் கிடைக்கும் அந்த 2,200 யூனிட்டை, 39 வகுப்பறை ஃபேன்களை மாற்றித்தான் ஈட்ட முடியும். உறைபனியைச் சுரண்டுவதும் கதவு ரப்பரை மாற்றுவதும் இதில் சேராத கூடுதல் லாபம். மையவிலக்குப் பம்புகளில் இன்னொரு விந்தை உண்டு. வேகத்தின் மும்மடியாக மின்தேவை மாறுவதால், வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும். வால்வைத் திருகி நீரை மட்டுப்படுத்தும் நம் பழக்கத்தால் இந்த லாபம் கிடைப்பதில்லை.

கடற்கரைக்கு என்று ஒரு தனிக் கெடுதல் இருக்கிறது, ஈரப்பதம். இங்கே ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு நிற்காமல் அதிலுள்ள நீரையும் பிழிந்தெடுக்க வேண்டும். குழாயில் சொட்டும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் ஏறத்தாழ கால் யூனிட் செலவாகிறது. கதவைத் திறந்துவைத்த ஆய்வகம் மன்னார் வளைகுடாவையே உலர்த்தப் பார்க்கிறது என்று சொல்லலாம். உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகளை அரிக்க அரிக்க, அதே குளிருக்குக் கம்ப்ரசர் இன்னும் அதிக நேரம் உழைக்க நேர்கிறது.

மைனஸ் 70-இல் மாதிரிகள் கெட்டுவிடாதா என்று ஆய்வாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. எல்லா மாதிரிக்கும் ஒரே பதில் கிடையாது. நொதி சார்ந்த நுட்பமானவற்றை ஒரு பெட்டியில் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மாற்றலாம். சிக்கனம் செய்தால் உபயோகம் கூடத்தானே செய்யும் என்பது 1865-இல் ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றி எழுப்பிய வாதம். ஏ.சி.க்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் மின்சாரம் மலிந்துவிட்டதென்று யாரும் ஃப்ரீசரை மைனஸ் 90-க்குத் திருகப்போவதில்லை. பதில் சொல்லக் கடினமானது மூன்றாவது தடை. துறை சேமிக்கிறது, பில்லைக் கட்டுவதோ நிர்வாகம். சேமித்தவருக்கு ஒரு பைசாவும் திரும்பி வருவதில்லை. துறைவாரியாகத் துணை மீட்டர் வைத்து, குறைந்த தொகையில் ஒரு பங்கை அந்த ஆய்வகத்துக்கே கொடுக்காதவரை, சுவரில் ஒட்டும் வாசகங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

சூரியன்தான் இங்கே கொட்டிக் கிடக்கிறதே, சோலார் போட்டால் போதாதா என்பார்கள். உப்பளங்கள் வாழ்வதே அந்த வெயிலால்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பலகை தூங்குகிறது, ஃப்ரீசர் விழித்திருக்கிறது. உயரழுத்த இணைப்பின் மின்னணு மீட்டர், சுமையைக் குறித்த இடைவெளிகளில் தானே பதிந்து வைக்கிறது. மே விடுமுறையில் ஒரு ஞாயிறு இரவுப் பதிவைக் கேட்டு வாங்கினால் போதும். எனர்ஜி ஆடிட்டர்கள் பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு வருவதால் அந்த எண் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அது 40 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் அடியில் ஓடும் அந்தச் சுமை மட்டுமே 3,50,400 யூனிட். அதை ஈடுகட்ட 230 கிலோவாட்டுக்கும் மேல் சோலார் தேவைப்படும். பத்து கிலோவாட்டை முதலில் குறைத்துவிட்டால், பலகைகளில் கால்வாசியை வாங்கவே வேண்டாம்.